நீனோவின் இடத்தில் இரண்டு மணித்தியாலம்

பலெர்மோவில் மலை இருக்கிறது, கடல் இருக்கிறது, அண்ணாந்து பார்த்தால் கழுத்துச் சுளுக்குகிற தேவாலயங்கள் இருக்கின்றன என்று போய் வந்தவர்கள் எழுதுவார்கள். எல்லாம் இருக்கத்தான் செய்கின்றன. நான் அவற்றைப் பஸ் ஜன்னலால் பார்த்தேன். பன்னிரண்டு நாள் அங்கே நின்றதில் என் மனதை விட்டுப் போகாமல் இருப்பது, புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய கட்டிடத்தின் வளைவுக்குக் கீழே கிடந்த ஆறடிக்கு மூன்றடி நிலம். அதிலே நான் குந்தி இருந்திருக்கிறேன்.

போன காரணம் என் தங்கச்சி ரஞ்சியின் புருசன் சிவத்தின் முதல் வருச ஆட்டைத் திவசம். ரஞ்சி இருபத்தைந்து வருசமாக அங்கே ஒரு சிஞ்ஞோரா வீட்டில், அதாவது ஓர் இத்தாலியச் சீமாட்டி வீட்டில், சமையலும் துப்புரவும் செய்கிறாள். அவளுக்கு ஒரே மகள் துஷி. பல்கலைக்கழகத்துக்குப் போகிறவள். ஒரு வசனத்தைத் தமிழில் தொடங்கி இத்தாலியனில் முடிப்பாள், நடுவிலே நாங்கள் நின்று முழிப்போம். நான் கொக்குவில் பக்கத்தில் முப்பத்தொரு வருசம் ஜீ.எஸ்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். கிராம அலுவலர் என்று பலகையில் எழுதியிருக்கும். சனம் இன்னும் விதானை என்றுதான் சொல்லும். யார் எங்கே குடியிருக்கிறார் என்று கடிதம் கொடுப்பதும், நிவாரணம் பங்கிடுவதும், பங்கிட்டு முடிந்த பிறகு ஏச்சு வாங்குவதும்தான் வேலை. ஆகவே உதவி செய்வதைப் பற்றி எனக்கு ஒருவரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற திமிரோடுதான் போய் இறங்கினேன்.

முதல் நாள் பின்னேரம் ரஞ்சி என்னைக் காலாற நடக்கக் கூட்டிக்கொண்டு போனாள். நிலையத்துக்கு முன்னால் ஆட்கள் இருக்க நீள வாங்குகள் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு வாங்கின் நடுவிலும் இரண்டு இரும்புக் கைப்பிடி. மூன்று கிழவர்கள் மூன்று அறைகளில் அடைத்து வைத்ததுபோல் ஒருவரை ஒருவர் பாராமல் இருந்தார்கள். முழங்கை வைக்க நல்ல வசதி என்று நான் பாராட்டினேன். அது முழங்கைக்கு இல்லையாம், ஆட்கள் படுக்காமல் இருப்பதற்காம் என்றாள் ரஞ்சி. எங்கள் ஊர்ப் பஸ் தரிப்பிடத்தில் இப்படியெல்லாம் இரும்புக்குச் செலவழிப்பதில்லை. அங்கே வாங்கில் நடுப்பலகையே இராது. படுத்தால் இடுப்பு கீழே போய்விடும்.

திரும்பி வரும்போதுதான் நீனோவைக் கண்டேன். அறுபது, அறுபத்தைந்து வயது இருக்கும். வளைவின் மூலையில் ஒரு மெத்தை, அதன்மேல் ஆஸ்பத்திரியில் மடிப்பதுபோல் மடித்த இரண்டு கம்பளி, தலைமாட்டில் சோடியாக வைத்த சப்பாத்து. சுவரில் ஓர் ஆணி, ஆணியில் கையகலக் கண்ணாடி. மனுசன் சவரம் செய்து பளபளவென்று இருந்தார். ரஞ்சி அவருக்கு மாலை வணக்கம் சொன்னாள். அவர் பாதி எழும்பித் தலையைச் சாய்த்தார். ஏழு வருசமாக அந்த மூலைதான் அவருக்கு என்றாள். ஏழு வருசம் ஒரே இடத்தில் இருந்தால் எங்கள் சட்டப்படி வாக்காளர் இடாப்பில் பெயர் ஏற்றலாம் என்று நான் சொன்னேன். ரஞ்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் துஷி என்னைக் கபோச் சந்தைக்குக் கூட்டிப் போனாள். திவசச் சமையலுக்குக் கத்தரிக்காய் வாங்க வேண்டும். சந்தைக்காரர்கள் கூவுகிற கூவலில் யாருக்கோ நெஞ்சுவலி என்றுதான் முதலில் நினைத்தேன். விலை கூறுகிறார்களாம். ஊர்ப் பழக்கத்தில் ஒவ்வொரு கத்தரிக்காயாக அமத்திப் பார்த்தேன். கடைக்காரர் கையை ஆட்டி ஏதோ சத்தம் போட, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். துஷி வெட்கத்தோடு மொழிபெயர்த்தாள்: "தொட்டதை வாங்க வேணுமாம் பெரியம்மா. இல்லாட்டிக் கலியாணம் கட்ட வேணுமாம்." அந்த மனுசனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூன்று கிலோ கத்தரிக்காய் வாங்கினேன்.

அங்கேயே கடலைமாவைக் கிளறி வெட்டிப் பொரித்துப் பாணுக்குள் வைத்துத் தந்தார்கள். எங்கள் கடலை வடைக்கு ஒன்றுவிட்ட சகோதரம். எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. இரண்டு சாப்பிட்டேன்.

துஷிக்கு வகுப்பு இருந்ததால் என்னைப் பஸ் தரிப்பில் விட்டுப் போனாள். அவள் விட்ட பக்கம் சரிதான். வெயில் படுகிறதென்று தெருவைக் கடந்து நிழல் பக்கம் போனது நான். பஸ் வந்தது, ஏறினேன், நகரம் முடிந்தது, நான் இறங்கவில்லை. கடைசியில் சாரதி எழும்பி வந்து கைகூப்பாத குறையாக இறக்கிவிட்டபோது சுற்றிவர மண்டரின் தோடம்பழத் தோட்டம். இடத்தின் பெயர் சியாகுல்லி. மரத்துக்குக் கீழே பெட்டி அடுக்கிக்கொண்டு நின்ற ஒருவர் கத்தரிக்காய்ப் பையோடு நிற்கிற சேலைக்காரியைக் கண்டு தமிழில் கூப்பிட்டார். கிளிநொச்சிப் பக்கம். யார் வீட்டுக்காரர், எத்தனை பேர் இஞ்சை வேலை, எங்கே தங்குகிறீர்கள் என்று நான் விசாரிக்க, நான்காவது கேள்வியில், "அக்கா ஊரிலை ஜீ.எஸ்ஸா இருந்தனீங்களோ?" என்று கேட்டார். சிரித்தேன். என்னைத் திரும்புகிற பஸ்ஸில் ஏற்றி, ஒரு பை மண்டரினும் தந்துவிட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் நீனோ இருந்தார். பையைத் திறந்து நாலு பழம் எடுத்து நீட்டினேன். அவர் வயிற்றைத் தொட்டுக் காட்டி, நெஞ்சைத் தடவி, முகத்தைச் சுளித்தார். நெஞ்செரிவு. நான் விடவில்லை, மெத்தையில் வைத்துவிட்டு நடந்தேன். பின்னால் ஓடி வந்து நாலையும் என் பையில் போட்டு, மேலதிகமாக ஒரு பிஸ்கட் பொட்டலமும் வைத்துவிட்டுப் போனார். வீதியில் இருக்கிறவரிடம் நிவாரணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் விதானை நானாகத்தான் இருப்பேன்.

மூன்றாம் நாள் திவசம். ஐயர் காலையில் வந்து கடுகதியாக மந்திரம் சொல்லி முடித்து அடுத்த வீட்டுக்குப் பறந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பாற்கறி, வாழைக்காய், வடை, பாயசம் எல்லாம் படைத்து, ஒரு பிடியைக் காகத்துக்கு மாடியில் வைத்தோம். காகம் வரவில்லை. ஒரு கடற்காகம் வந்து வடையை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. அதுவும் காகம்தான் என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

ஆனால் ரஞ்சி சாப்பிட மறுத்துவிட்டாள். அவளுக்கு ஒரு நேர்த்தி இருந்தது. சிவம் முதன்முதல் அந்த ஊரில் வந்து இறங்கியபோது ஸ்தாசியோனே சென்ட்ராலேயில், அந்தப் புகையிரத நிலையத்தில்தான், ஒன்பது நாள் படுத்தவன். மூன்றாம் நாள் யாரோ ஒருவர் அவன் கையில் ஒரு பாணை வைத்துவிட்டுப் போனாராம். உள்ளே மாட்டு மண்ணீரல். பச்சைச் சைவம், அதிலும் வெள்ளிக்கிழமை. தெரியாமல் கடைசித் துண்டு வரை சாப்பிட்டான். தெரிந்த பிறகும், கொடுத்த கை நல்லாயிருக்க வேணும் என்றுதான் சொல்வானாம். ஆகவே நிலையத்தடியில் இருக்கிற ஒருவர் சாப்பிட்ட பிறகே தன் வாயில் தண்ணீர் படும் என்றாள். அவளுக்குச் சீனி வருத்தம், பட்டினி கிடக்கக்கூடாது. மணி பன்னிரண்டு.

இதென்ன பெரிய வேலை என்று நான் துஷியையும் சாப்பாட்டுப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் ஆள் வயிற்றைத் தட்டிக் காட்டினார். கால் மணித்தியாலத்துக்கு முன்புதான் தொண்டர்களின் வான் வண்டி வந்து எல்லாருக்கும் சுடச்சுடச் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போனதாம். அடுத்து ஒரு பெண், பெட்டியைத் திறக்கச் சொல்லி, என்னென்ன போட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, கடுகு தனக்கு ஒத்துவராது என்று மூடித் தந்தாள். மூன்றாமவர் நித்திரை. நித்திரையில் இருப்பவரை எழுப்பிச் சாப்பிடச் சொல்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை. இரண்டு தரம் இருமிப் பார்த்தேன், அவ்வளவுதான். நாலாமவருக்குச் சாப்பாடு வேண்டாம், போன் சார்ஜ் போட ஓர் இடம் வேண்டுமாம். ரஞ்சி மூன்று தரம் போன் எடுத்தாள். குரல் வரவரக் கீழே போனது. எனக்கு அழுகை வரும்போல இருந்தது, கோபமும் வந்தது. ஊர் முழுக்கப் பசித்தவர்கள் இருப்பார்கள் என்று நம்பி வந்தவளை இப்படியா நடத்துவது?

மிச்சம் நீனோ. அவரும் கையை விரித்தார். இரண்டு நாளைக்கு முதல் சூசையப்பர் திருநாளாம். அன்றைக்கு அந்த ஊரில் ஏழைகளைக் கூப்பிட்டு, சூசையப்பராக மேசைத் தலைப்பில் இருத்தி, வீட்டார் கைகட்டி நின்று பரிமாறுவார்கள். பாதி எங்கள் திவசம், பாதி எங்கள் அன்னதானம். நீனோவை இரண்டு வீட்டில் கூப்பிட்டுவிட்டார்கள். ஒரே மத்தியானத்தில் இரண்டு தரம் சூசையப்பராக இருந்ததில் வயிறு இன்னும் சரிவரவில்லையாம்.

நான் துஷியிடம் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னேன். ரஞ்சியின் புருசன், செத்து ஒரு வருசம், தங்கச்சி பட்டினி, சீனி வருத்தம். நீனோ நிமிர்ந்து இருந்து கேட்டார். பிறகு நெடுக ஏதோ சொன்னார். துஷியின் முகம் மாறியது.

"பெரியம்மா, அவர் சாப்பிடுறாராம். ஆனா அவர் சொல்லுறார், எனக்குச் சாப்பாடு தர இந்த ஊரிலை நிறைய ஆக்கள் இருக்கினம். என்ரை இடத்தைப் பாத்துக்கொள்ளத்தான் ஒருத்தரும் இல்லை எண்டு."

விசயம் இதுதான். அந்தக் கட்டிடத்துக்காரர் அவருடைய மூலையில் ஒரு பெரிய சீமெந்துப் பூச்சாடி வைக்கக் காத்திருக்கிறார்கள். சாடி வாங்கியாயிற்று, கேற்றுக்கு உள்ளே நிற்கிறது, எங்களுக்கும் காட்டினார். ஆள் இருக்கும்வரை தொடமாட்டார்கள். எழும்பிப் போனால் போச்சு. திருநாளன்று யாரும் சாடியைத் தொடமாட்டார்கள், மற்ற நாட்களில் பகலில் அவரால் அசைய முடிவதில்லை. ஆனால் அடுத்த நாள் காலை பத்து மணிக்கு அவருக்கு விலாசப் பதிவு. வீடில்லாதவர்களையும் ஒரு தெருப் பெயரில் பதிந்து கடிதம் கொடுப்பார்களாம். அந்தக் கடிதம் இருந்தால்தான் வைத்தியர் அட்டை, அட்டை இருந்தால்தான் கண் ஒப்பரேஷன். இடது கண்ணில் ஏற்கெனவே பால் ஊற்றினதுபோல் வெள்ளை. வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது. இரண்டு தரம் அழைத்து இரண்டு தரமும் போகவில்லை. மூன்றாம் தரமும் வராவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்களாம்.

மூன்றாம் தரம் வராவிட்டால் வெட்டுவது எனக்குத் தெரியும். "அழைத்தும் சமூகமளிக்கவில்லை" என்று சிவப்பு மையால் நானே எத்தனையோ அலுவலகக் கோவைகளில் எழுதியிருக்கிறேன். ஏன் வரவில்லை என்று ஒரு கோவைக்காவது கேட்டேனா தெரியாது. துஷி சொல்லி முடிக்க முதலே, "ஓம், நான் இருக்கிறன் எண்டு சொல்லு. பத்திலை இருந்து பன்னிரண்டு மட்டும். ஆரும் கிட்ட வரட்டும் பாப்பம்" என்றேன்.

நீனோ கை கழுவிவிட்டுச் சாப்பிட்டார். கத்தரிக்காயில் அந்த ஊர் முறைக்குச் சீனியும் வினாகிரியும் குறைவு என்றார். பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டார். ரஞ்சி சாப்பிடும்போது மணி இரண்டரை.

நாலாம் நாள் காலை ரஞ்சி வேலைக்குப் போய்விட்டாள். நான் பருத்திச் சேலை, அதற்கு மேல் ரஞ்சியின் பழைய ஜாக்கெட், காலில் துஷியின் பழைய சப்பாத்து. ஊரில் இந்தக் கோலத்தில் கிணற்றடிக்குக்கூடப் போகமாட்டேன், குளிருக்கு யார் பார்க்கிறார்கள் என்று போட்டுக்கொண்டேன். நீனோ கழுத்துவரை பொத்தான் பூட்டி, தலையைப் படிய வாரி, ஒரு பிளாஸ்ரிக் உறையில் பழைய கடதாசிகளோடு தயாராக நின்றார். மெத்தையை எனக்குக் காட்டி, ஒரு கம்பளியை மடித்து முதுகுக்கு வைத்துவிட்டு, மணவறைக்குப் போகிற மாப்பிள்ளைபோல் போனார்.

இருந்தேன். முழங்கால் முறைப்பாடு சொன்னது. அவ்வளவு தாழ்வில் இருந்து பார்த்தால் ஊர் முழுக்க முழங்கால்தான். நாய்கள் மட்டும்தான் முகத்துக்கு முகம் பார்த்தன.

கால் மணித்தியாலத்தில் ஒரு மனுசி கோப்பி கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வேண்டாம், நான் குடித்துவிட்டேன் என்று தமிழில் விளக்கினேன். அவள் என் தலையைத் தடவிவிட்டுப் போனாள். பிறகு ஒருவர் இனிப்புப் பாண் ஒன்று. அதன் பிறகு இன்னொருவர் இன்னொன்று. கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் இரண்டு யூரோ வைத்தார். "நோ, நோ" என்று திருப்பி நீட்ட, குறைந்துவிட்டது என்று நினைத்து இன்னும் ஒன்று வைத்தார். ஒரு வெளிநாட்டுச் சோடி என்னைக் கேட்காமல் படம் எடுத்தது. நான் பழக்கதோஷத்தில் முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். ஓர் அம்மா கம்பளியொன்றைக் கொண்டுவந்து, செவிடருக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு சொல்லாகக் கத்தினார். என்னிடம் இரண்டு இருக்கிறது என்று தொட்டுக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது, ஆனாலும் வைத்துவிட்டுத்தான் போனார். இன்னொருத்தி ஒரு பை உடுப்புத் தந்தாள். பிரித்துப் பார்த்தேன், ஆம்பிளைக் காற்சட்டை.

முக்கால் மணித்தியாலத்தில் இவ்வளவும். வேண்டுமா என்று ஒருவர் கேட்கவில்லை. வெள்ள வருசம் ஒரு முகாமில் ஒரு பெண் சவர்க்காரக் கட்டியை வாங்காமல் நின்றாள். தனக்கு வேறென்னவோ வேண்டும் என்று வாயெடுத்தாள். "தாறதை வாங்கப் பழகு" என்று நான் அவள் கையில் திணித்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அவளுக்கு என்ன வேண்டியிருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் கேற்றுத் திறந்தது. இரண்டு பேர் சின்னச் சில்லு வைத்த பலகையில் சாடியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். உள்ளே செவ்வலரி. மெத்தையில் புது ஆளைக் கண்டு திகைத்து நின்றார்கள். ஒருவர் "சிஞ்ஞோரா" என்று தொடங்கி, எழும்பச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் எழும்பவில்லை. கந்தோர்க் குரலை, விதானைக் குரலை எடுத்தேன்.

"தம்பிமார், ஆள் இருக்கிற இடத்திலை கை வைக்கிறதெண்டால் கடிதம் வேணும். கடிதம் இருக்கோ? இல்லையெண்டால் வந்த வழியைப் பாருங்கோ."

ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் அந்தத் தொனி எல்லா நாட்டிலும் ஒன்றுதான். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், போனில் யாரோடோ கதைத்தார்கள், சாடியைக் கேற்றடியில் விட்டுவிட்டு எதிர்ப்பக்கக் கடைக்குக் கோப்பி குடிக்கப் போனார்கள். முப்பத்தொரு வருசத்தில் எனக்கு அப்படி ஒரு வெற்றி கிடைத்ததில்லை. இனிப்புப் பாண் ஒன்றை எடுத்துச் சாப்பிட்டேன்.

பதினொன்று இருபதுக்குப் பரிமளம் வந்தா. கோயில் மகளிர் சமையல் முழுவதும் அவவின் கையில்தான். திவசத்துக்கும் வந்து பாயசத்தில் ஏலக்காய் கூடிவிட்டது என்று சொல்லிப் போனவ. என்னைக் கடந்து போனா, நின்றா, திரும்பி வந்தா.

"நீங்கள்... ரஞ்சியின்ரை அக்கா எல்லோ?"

"ஓம்."

"உடம்புக்கு ஏதும் ஏலாதோ?"

"நல்லாத்தான் இருக்கிறன். ஒருத்தருக்கு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறன்."

அவவின் கண் கோப்பிக் கோப்பைகளுக்குப் போனது, சில்லறைக்குப் போனது, காற்சட்டையில் போய் நின்றது. குனிந்து, காதோடு காதாக, "தங்கச்சியோடை ஏதும் கோவமோ? என்னெண்டாலும் சொல்லுங்கோ. எங்கடை வீட்டிலை ஒரு அறை சும்மாதான் கிடக்கு" என்றா. நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். சிரிக்கச் சிரிக்க அவவுக்குப் பயம் கூடியது. மூலை திரும்ப முதலே போனை எடுத்துவிட்டா.

ஐந்து நிமிசத்தில் ரஞ்சியின் போன். சிஞ்ஞோரா வீட்டுக் குசினியில் நின்று கதைக்கிறாள், பின்னால் தண்ணீர்ச் சத்தம்.

"அக்கா, எழும்புங்கோ. இருபத்தைஞ்சு வருசம் ஆற்றை கையையும் பாராமல் இந்த ஊரிலை நிமிந்து நடந்தனான். அவற்றை திவசம் முடிஞ்சு மற்ற நாள் என்ரை அக்கா றோட்டிலை குந்தியிருக்கிறா எண்டு ஊர் கதைக்கப் போகுது. எழும்பி வாங்கோ. துஷியை அனுப்புறன்."

நான் நீனோவுக்கு வாக்குக் கொடுத்ததைச் சொன்னேன். அவளுக்கும் அது தெரியும். அவள் அழத் தொடங்கினாள். பிறகு போனை வைத்துவிட்டாள்.

எழும்பினேன். உண்மையைச் சொன்னால் ரஞ்சிக்காக மட்டும் எழும்பவில்லை. பரிமளம் அந்தக் காற்சட்டையைப் பார்த்த பார்வை என் மேலே ஒட்டிக்கொண்டு நின்றது. எதிர்ப்பக்கம் முப்பது அடியில் பஸ் தரிப்பு. அங்கே நின்றாலும் இடம் கண்ணுக்கு நேரேதான் இருக்கிறது. கந்தோரில் இதற்கு மேற்பார்வை என்று பெயர். மெத்தை கிடக்கிறது, கம்பளி கிடக்கிறது, நான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வேறென்ன வேண்டும்? தெருவைக் கடந்தேன். கடந்த உடனே நான் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு கௌரவமான பெண் ஆகிவிட்டேன். ஒருவரும் கோப்பி கொண்டுவரவில்லை. ஒரு பெரியவர் தொப்பியைத் தொட்டு, மணி என்ன என்று கேட்டார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிசம். காலை வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு பஸ் வந்தது. அதே நேரம் அந்த இரண்டு பேரும் கடையை விட்டு வெளியே வந்தார்கள். மெத்தை வெறுமையாக இருப்பதைக் கண்டார்கள். பஸ்ஸால் இறங்கியவர்களில் இரண்டு பேர் திவசத்துக்கு வந்த பிள்ளைகள். நேரே என்னிடம் வந்து, "என்னக்கா, தனிய எங்கை போறியள்?" என்று கேட்டார்கள்.

"சும்மா, கபோப் பக்கம்" என்றேன்.

அவர்களின் தோளுக்கு மேலால் தெரிந்தது. ஒருவர் கம்பளியை மடிக்கிறார். மற்றவர் மெத்தையைச் சுருட்டுகிறார். தெருவைக் கடக்கப் பத்துச் செக்கன் போதும். போய் மெத்தையில் குந்தினால் காரியம் முடிந்தது. ஆனால் இந்த இரண்டு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டு நிற்க நான் போய்க் குந்த வேண்டும். கபோவில் கத்தரிக்காய் என்ன விலை என்று ஒரு பிள்ளை கேட்டாள். நான் சொன்னேன். தொட்டால் கலியாணம் கட்ட வேண்டும் என்ற கதையையும் சொன்னேன். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று சில்லு வண்டியொன்று வந்து நின்று, மெத்தையை ஏற்றிக்கொண்டு போனது.

அவர்கள் போட்டு வாறம் என்று போக, துஷி ஓடி வந்து சேர்ந்தாள். நான் பஸ் தரிப்பில் நிற்பதையும், எதிர்ப்பக்கம் சாடி நிற்பதையும் ஒரே பார்வையில் பார்த்தாள்.  இரண்டு பேருமாகத் தெருவைக் கடந்தோம். அலரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவர் என்னைக் கண்டதும் வாளியை வைத்துவிட்டு, ஒரு பையை மரியாதையோடு என் கையில் தந்தார். மூன்று கம்பளி, காற்சட்டை, இனிப்புப் பாண், சில்லறை. மேலே அந்தக் கையகலக் கண்ணாடி, உடையாமல் கடதாசியில் சுற்றி. என்னுடையவை என்று நினைத்துவிட்டார்.

பன்னிரண்டு பத்துக்கு நீனோ வந்தார். தூரத்திலேயே பிளாஸ்ரிக் உறையை உயர்த்திக் காட்டிக்கொண்டு வந்தார். கடிதம் கிடைத்துவிட்டது. கிட்ட வந்த பிறகுதான் சாடி அவர் கண்ணுக்குத் தெரிந்தது. நின்றார். கிட்டப் போய், தொட்டுப் பார்த்தார். உறையை மடியில் வைத்துக்கொண்டு சாடியின் விளிம்பில் இருந்தார். கடிதத்தில் அவருக்கு ஒரு தெருவும் ஓர் இலக்கமும் போட்டிருந்தது. அப்படி ஒரு தெரு ஊரில் எங்கேயும் இல்லை, பதிவுக்காக மட்டும் வைத்த பெயர் என்று துஷி மெதுவாகச் சொன்னாள். ஒரு மெத்தை போட இடமுள்ள ரஞ்சி வீட்டு மாடி ஒரு கணம் என் நினைவில் வந்தது. அது என் வீடு இல்லை என்ற நியாயமும் கூடவே வந்தது.

அவர் துஷியிடம் ஏதோ கேட்டார்.

"பெரியம்மா," துஷி என் முகத்தைப் பாராமல் சொன்னாள், "நீங்கள் கடைசி மட்டும் இஞ்சை இருந்தனீங்களோ எண்டு கேக்கிறார்."

"ஓம். இஞ்சைதான் இருந்தனான். அவங்கள்தான் என்னைப் பிடிச்சு எழுப்பிப் போட்டாங்கள் எண்டு சொல்லு."

துஷி நிலத்தைப் பார்த்தபடி அவர் பக்கம் திரும்பினாள். பிறகு சொன்னாள். ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னாள் என்பது அவருடைய முகத்தில் தெரிந்தது. மனுசன் பதறி எழும்பி, என் கையில் இருந்த பையை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்து, மிச்சம் இருந்த அந்த அரைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நொந்ததோ எண்டு கேக்கிறார்" என்றாள் துஷி.

இல்லை என்று தலையை ஆட்டினேன். அன்றைக்கு நான் அவருக்குச் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.